என் அக்கா என்று தொடங்கும் வாக்கியங்கள்

எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக வந்த நர்ஸ் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்சுகள் எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வில், இந்த விருதுநகர்க் கட்டடத்துக்குள் தேறியவள் நான் ஒருத்திதான். "இம்புட்டு வார்த்தையும் எப்படிக்கா மனசுல நின்னுச்சு?" என்று கேட்பார்கள். தேறிவிட்டு நீ ஏன் இன்னும் இங்கேயே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். நல்ல பிள்ளைகள்.

ஒரு வார்த்தைக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள், அந்த வாக்கியம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆளைப் பற்றியதாக இருக்கட்டும் என்று சொல்லுவேன். மதுரையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை அது. பலன் தருகிற முறைதான், அதில் பொய்யில்லை. ஆனால் நான் யாரைப் பற்றி எழுதினேன், எழுதிக்கொண்டே எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதை அந்தப் பெண்களிடம் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். எழுதியதெல்லாம் என் அக்காவைப் பற்றி. அவள் இப்போது இல்லை.

எங்கள் வீடு ஏழாயிரம்பண்ணைப் பக்கம். அம்மா, அக்கா, நான் மூன்று பேர்தான். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா எட்டாவதோடு நின்று பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, ஒரு பையோடு திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அங்கன தண்ணி ஒத்துக்கிடல" என்று ஒரே பதில். அதற்கு மேல் ஒரு சொல் அவளிடமிருந்து வாங்க முடியாது.

என்னை நர்சிங் படிக்க வைத்தவள் அவள்தான். என்னை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசையும் என்னைவிட அவளுக்குத்தான் அதிகம். நான் போய்க் காலூன்றிவிட்டால் அவள் கம்பெனி வேலையை விட்டுவிடலாம். வீட்டில் இருந்தபடி இரண்டு ஆடு வளர்ப்பேன், ஒன்பது மணி வரைக்கும் தூங்குவேன் என்பாள். எங்கள் மூன்று பேருக்கும் அது ஒன்றுதான் திட்டம். அந்தத் திட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவில் அந்தத் தேர்வு நின்றது. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டிருந்தேன். மருத்துவச் சொற்களெல்லாம் எனக்குத் தெரியும். சாதாரண மனிதர்கள் சாதாரணமாகப் பேசுகிற ஆங்கிலச் சொற்கள்தான் தெரியவில்லை. ஒருவர் சோர்ந்திருக்கிறார் என்பதைச் சொல்ல எனக்கு ஒரு சொல்தான் தெரியும். ஆங்கிலத்தில் அதற்குப் பத்துச் சொற்கள் இருக்கின்றன, பத்தும் வேறு வேறு சோர்வு.

அதனால் மூன்றாம் முறைக்காகச் சித்திரையில் ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. இடது பக்கம் தமிழில் பொருள், வலது பக்கம் ஆங்கிலச் சொல், கீழே அந்தச் சொல்லை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். யாரைப் பற்றி எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. தினமும் சாயங்காலம் என் எதிரே உட்காருகிறவள் அவள்தானே.

அவள் உட்கார்ந்ததற்குக் காரணம், என்னைக் கேள்வி கேட்பது அவளுடைய வேலை. கம்பெனி வேன் ஆறு மணிக்கு வந்து இறக்கிவிடும். வந்ததும் கைகால் கழுவமாட்டாள். தேங்காய் எண்ணெயைக் குழைத்துக் கையிலும் கழுத்திலும் தேய்த்துக்கொண்டு அரை மணி நேரம் வாசல்படியில் உட்காருவாள். சாயம் எண்ணெயில் ஊறினால்தான் சோப்புக்குக் கொஞ்சமாவது இளகும். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் வகுப்பு. எண்ணெய்க் கையோடு நோட்டைத் தொட்டால் பக்கம் பாழாகிவிடும் என்பதால், நான் நோட்டை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். அவள் தமிழ்ப் பொருளை வாசிப்பாள். நான் ஆங்கிலச் சொல்லைச் சொல்லி எழுத்துக் கூட்டுவேன். ஏபிசிடி அவளுக்குத் தெரியும். எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, "ஒரு எழுத்து முழுங்கிட்ட. மறுபடி சொல்லு" என்பாள். எந்த வாத்தியாரும் என்னிடம் அப்படிக் கறாராக இருந்ததில்லை.

சாயம் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் அவள் கம்பெனிக்குக் கலர்ப் புகை விடுகிற வெடிக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. ஒரு கலர் இன்னொன்றில் கலந்துவிடக் கூடாதென்று ஒரு ரூமுக்கு ஒரு கலர்ப் பொடி. பச்சை ரூம், சிவப்பு ரூம், மஞ்சள் ரூம், ஊதா ரூம். ரூமுக்கு இரண்டு மூன்று பெண்கள். ஆனி மாதம் முதல் எங்கள் ஊர் வேனிலிருந்து பெண்கள் கலர் கலராகத்தான் இறங்கினார்கள். புறங்கை, நெற்றி, காது மடல், நக இடுக்கு, வியர்த்தால் கழுத்து மடிப்பு என்று எங்கும் சாயம். சேலைத் தலைப்பால் துடைத்தால் தலைப்பும் கலராகும். தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, "ஊதா வந்துட்டாளா?" என்று கேட்கிற அளவுக்குப் போனது. அக்காவும், இரண்டு வீடு தள்ளியிருந்த ஒரு பெண்ணும் மஞ்சள் ரூம். "மஞ்சப் பூசுற செலவு மிச்சம். கோயிலுக்குப் போனா அம்மனே எந்திரிச்சு எடம் குடுக்கும்" என்று அக்கா சொல்லுவாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தப் பொடிக்கு அரிப்பு உண்டு. எல்லோரும் சொறிந்தார்கள். அந்தப் பொடிக்கு நாக்கு மரத்துப்போகும், சோறு இறங்காது. எல்லோரும் அரைத்தட்டோடு எழுந்தார்கள். கம்பெனியில் கழிப்பறைக்குப் போவது பெரும்பாடு என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஒன்றுக்குப் போனால் கடுத்து மஞ்சளாகப் போவது எல்லோருக்கும் வழக்கம். சீசன் சமயத்தில் யார்தான் இளைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் அதற்கு ஒரு பதில் இருக்கிறது: தீபாவளி முடியட்டும். காது குத்து, பெண் பார்ப்பது, பல் பிடுங்குவது எல்லாம் தீபாவளிக்கு அப்புறம்தான். கம்பெனி மூடுகிற அந்த ஒரு மாதத்தில்தான் எங்கள் ஆட்கள் நோயாளியாக இருக்கலாம்.

நான் நர்ஸ். அதை மறந்துவிட்டு இதை யாரும் படிக்க வேண்டாம். நாள் முழுக்க மற்றவர்களுடைய அக்காக்களின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, என் அக்கா சொறிவதைப் பார்த்து நோட்டில் வாக்கியம் எழுதினேன். ஆடி மாதத்துப் பக்கத்தில் அரிப்புக்கு ஒரு சொல். என் அக்கா உட்கார்ந்தால் சொறிகிறாள் என்று வாக்கியம். ஆவணியில், எதிலும் நாட்டமில்லாமல் துவண்டு கிடப்பதற்கு லிஸ்ட்லெஸ் என்று ஒரு சொல். என் அக்கா இப்போதெல்லாம் வேனிலிருந்து இறங்கியதும் துவண்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்று வாக்கியம். நல்ல வாக்கியங்கள். பிழையே இல்லை.

புரட்டாசியில் சாலோ என்று ஒரு சொல் வந்தது. முகம் சோகை தட்டி மஞ்சளாகக் கிடப்பதற்கு அந்தச் சொல். எனக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. மஞ்சள் ரூமில் வேலை பார்ப்பதால் என் அக்காவின் முகம் சாலோவாக இருக்கிறது என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை மதுரையில் டீச்சரிடம் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "சாயம் பட்ட முகத்துக்கு இதைச் சொல்லக் கூடாதும்மா. நோய் வந்த முகத்துக்குத்தான் சொல்லணும். மாத்தி எழுது" என்றார். நான் அங்கேயே, அந்த பெஞ்சிலேயே, முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதினேன். என் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் முகம் சாலோவாக இருக்கிறது. டீச்சர் சிவப்பு மையில் பெரிதாக ஒரு டிக் போட்டார். எடுத்துக்காட்டுக்காக நானாகக் கற்பனை செய்து எழுதியது என்றுதான் நினைத்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தது, நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தேன்.

தீபாவளி வந்தது. கம்பெனி மூடினார்கள். அக்கா இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். அலுப்பு என்றோம். எனக்குக் கார்த்திகை கடைசியில் தேர்வு. "பரீட்சை முடியட்டும், அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு சத்து ஊசி போட்டுக்கிருவோம்" என்று அவளே சொன்னாள். நானும் சரி என்றேன். சரி என்று சொன்ன வாயைத்தான் இன்றைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கார்த்திகை பிறந்து சில நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் வழக்கம்போல வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். வேலை இல்லாத நாளிலும் அக்கா பழக்கத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் ரூமில் கூட வேலை பார்த்த அந்தப் பெண் குடத்தோடு அந்த வழியாக வந்தாள். தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். நின்று அக்காவைப் பார்த்தாள்.

"ஏக்கா, எனக்குச் சாயம் போயி பத்து நாளாச்சு. ஒனக்கு இன்னுமா போகல?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். மாநிறமான, சுத்தமான கை. நக இடுக்கில்கூட ஒன்றுமில்லை. ஐந்து மாதம் ஒரே ரூமில், ஒரே பொடியைத் தொட்ட கை.

அக்கா, "எனக்குத் தோலு கெட்டித் தோலு. நின்னு நெதானமாத்தான் போகும்" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நான் நோட்டைக் கீழே வைத்தேன். சித்திரையிலிருந்து எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் அந்த நோட்டு இருந்திருக்கிறது. அவள் வாசிப்பாள், நான் பதிலைத் தேடி அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்ப்பேன். அவள் பக்கத்தில் போய்க் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். எந்தச் சாயமும் கண்ணுக்குள் போய் வெள்ளை விழியை மஞ்சளாக்காது. நர்சிங்கில் முதல் வருஷமே இதைச் சொல்லித்தருகிறார்கள். அக்காவின் விழி, முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது.

"என்னத்தப் பாக்க?" என்றாள்.

"ஒன்னுமில்லக்கா. நாளைக்கு மதுரைக்குப் போவோம்."

"ஒனக்குப் பரீட்சை இருக்குல்ல."

நான் எழுந்தேன். உள்ளே போய் அம்மாவிடம் அவளுக்கு இரண்டு சேலை எடுத்து வைக்கச் சொன்னேன்.

மதுரையில் மூன்று நாளில் எல்லாச் சோதனையும் எடுத்து முடித்தார்கள். பித்தம் இறங்குகிற குழாயை ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஈரலுக்கும் பரவியிருந்தது. டாக்டர் வயதானவர், கோபப்படுகிறவர் இல்லை. ஃபைலைப் பார்த்துக்கொண்டே, "மூணு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா ஆபரேஷனைப் பத்தி யோசிச்சிருக்கலாம். இந்த மஞ்சள், அரிப்பு எல்லாம் எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

என் தோள்பையில் அந்த நோட்டு இருந்தது. அதில் தேதி போட்டிருந்தது. ஆடியில் அரிப்பு, ஆவணியில் துவண்டது, புரட்டாசியில் மஞ்சள், ஐப்பசி முதல் வாரத்தில் கன்னம் ஒட்டிப்போனது. ஒரு மருத்துவருக்கு இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. நான் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தெரியல டாக்டர். கம்பெனியில கலர் வேலை. நாங்க கவனிக்கல."

"நீங்க நர்ஸ்னு போட்டிருக்கே?"

கட்டிலில் இருந்தபடியே அக்கா குறுக்கே பேசினாள். "அவள ஒன்னும் சொல்லாதீக சார். பிள்ள பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ஏது நேரம்?"

டாக்டர் ஃபைலை மூடி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சொல்லுவார்கள்; அந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் அதுதான். அவள் ஒரு முறை இருமினால் நாலு முறை போய் நின்றேன். சொட்டு மருந்து பாட்டிலை எண்ணிப் பார்த்தேன். அங்கே வேலை பார்த்த நர்ஸ் பெண்களோடு ஊசி போடுகிற விதத்துக்காகச் சண்டை போட்டேன். நியாயமே இல்லாத சண்டை. அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தேதியில் நான் தேர்வு எழுதவில்லை. மறு வருஷம் எழுதினேன், அக்கா ஆசைப்பட்டாளே என்பதற்காக. எல்லாப் பிரிவிலும் தேவைக்கு மேலேயே வாங்கினேன். நோட்டில் இருந்த ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை, மறக்கவும் வழியில்லை. அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது என்றுதான் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அம்மா போகச் சொல்லித்தான் சொல்கிறாள். போய் நிற்கிற ஊரில் அந்த ஆங்கிலத்தைத்தானே நாள் முழுக்கப் பேச வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா இருபத்திரண்டு நாள் இருந்தாள். பத்தாவது நாளோ என்னவோ, கொஞ்சம் தெளிச்சியாக இருந்தாள். காலை பத்து மணி. அம்மா துணி அலசப் போயிருந்தாள். அக்கா என் பையைக் காட்டி, "நோட்ட எடு. ரொம்ப நாளா டச்சு விட்டுப்போச்சு" என்றாள். தேர்வுக்கு நான் போகப்போவதில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

எடுத்தேன். இப்போது அவள் கையில் எண்ணெய் இல்லை. முதல் முறையாக அவளே நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"எம்மு, ஒய்யி. அடுத்தது எஸ்ஸு, ஐயி... ஏத்தா, எல்லா வரியும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது. என்ன அது?"

"என் அக்கானு அர்த்தம்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

அவள் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்லுவது. பக்கத்துக் கட்டிலில் காரியாபட்டிப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். அவளைப் பார்த்து, "எந்தங்கச்சி என்னப் பத்தி ஒரு நோட்டு முழுக்க எழுதிருக்கா. இங்கிலீஸ்ல" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "தமிழ்ல சொல்லு. ஒன்னு ஒன்னாச் சொல்லு" என்றாள்.

சித்திரை, வைகாசிப் பக்கங்களில் பயமில்லை. என் அக்கா பிடிவாதக்காரி என்று வாசித்தேன். சிரித்தாள். என் அக்கா விறுவிறுவென்று நடப்பாள் என்றேன். "நடப்பேன்ல" என்றாள். ஆடி மாதத்துப் பக்கம் வந்தது. அதிலிருந்து இடது பக்கத்துத் தமிழ்ப் பொருளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். அரிப்பு வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே, "என் அக்கா குழம்பு வச்சா தெரு மணக்கும்" என்றேன். ஆவணி வந்தது. துவண்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்ற வரியில் கண்ணை வைத்துக்கொண்டு, "என் அக்கா நல்லாப் பாடுவா" என்றேன்.

"நான் எப்பப் பாடுனேன்?"

"பரீட்சைக்குக் கொஞ்சம் கூட்டித்தான் எழுதணும்க்கா."

"அதுவும் சரிதான்" என்று காரியாபட்டிப் பெண்ணிடம் கண்ணடித்தாள். அந்த மஞ்சள் கண்ணால் கண்ணடித்தாள்.

அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் அவள் விரல் நின்றுவிட்டது. சிவப்பு டிக். நோட்டிலேயே பெரிய டிக் அதுதான்.

"இதுக்கு டீச்சர் டிக்குப் போட்டிருக்காக. ரொம்ப நல்லா எழுதிருக்க போல. இது என்ன?"

"என் அக்கா முகம் லட்சணமா இருக்கும்னு எழுதிருக்கேன்."

அவள் கையெடுத்துத் தன் கன்னத்தை ஒரு முறை தடவிக்கொண்டாள். வெட்கமா, என்னவென்று எனக்குத் தெரியவில்லை. "இத இங்கிலீஸ்ல சொல்லு. நோட்டப் பாக்காமச் சொல்லணும்" என்றாள்.

நான் நோட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் அவள் முகம் மஞ்சளாகக் கிடக்கிறது என்ற அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் முழுவதும் சொன்னேன். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. அக்கா நோட்டில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்திக்கொண்டே வந்தாள். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு எழுத்துக்கூட முழுங்கல. இந்தத் தடவ நீ பாஸாயிருவ புள்ள."